ஒரு தேதிக்காகக் காத்திருந்த சபை



1881-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருவிதாங்கூர் நாட்டிலே ஒரு கூட்டம் விசுவாசிகள் அந்த ஒரு நாளுக்காக ஆறு வருஷம் காத்திருந்தார்கள். அன்றைக்குக் கர்த்தராகிய இயேசு கிறிஸ்து திரும்பி வருவார் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. சொன்னவர்கள் பரியாசக்காரர் அல்லர், பணத்தாசை பிடித்தவர்களும் அல்லர். பாவத்தைக் கண்ணீரோடு அறிக்கையிட்டவர்கள், ஜெபத்தில் தரித்திருந்தவர்கள், வேதத்தை நேசித்தவர்கள். அந்த ஞாயிறு வந்தது, கடந்துபோயிற்று. திங்கட்கிழமை வழக்கம்போல விடிந்தது.

இந்தப் பழைய சரித்திரத்தை இப்போது எடுத்து எழுத ஒரு காரணம் உண்டு. மைசூருவில் நம்முடைய தமிழ்ச் சபைகளிலே ஆராதனை முடிந்ததும் வாசலருகே யாராவது ஒருவர் கைபேசியை நீட்டி, "ஐயா, இந்தச் செய்தியைக் கொஞ்சம் கேளுங்கள், இது சரிதானா?" என்று கேட்காத வாரம் இல்லை. ஒரு வாரம் வருகையின் நாளைக் கணித்துச் சொல்லும் காணொளி வரும். மறுவாரம் திரித்துவம் என்பது மனுஷருடைய கற்பனை என்று வாதிடும் பிரசங்கம் வரும். பின்னொரு வாரம், இத்தனை ரூபாய் அனுப்பினால் இத்தனை நாளில் கடன் தீரும் என்னும் வாக்குத்தத்தம் வரும். கேட்கிறவர்கள் நல்ல விசுவாசிகள். கேட்காமலே நம்பிவிடுகிறவர்களைக் குறித்துத்தான் எனக்குக் கவலை அதிகம். ஆனாலும் ஒவ்வொரு காணொளிக்கும் நான் ஆம், இல்லை என்று பதில் சொல்லிக்கொண்டே இருந்தால், நீங்கள் காணொளிப் பிரசங்கியைச் சார்ந்திருப்பதற்குப் பதிலாக என்னைச் சார்ந்திருப்பீர்கள், அவ்வளவுதான். நீங்களே சோதித்தறியும்படி வளரவேண்டும். அதற்கு அந்த 1881-ஆம் வருஷத்துச் சம்பவம் நமக்கு உதவி செய்யும்.

அனல் மூண்ட விதம்

இந்தச் சம்பவத்தின் வேர் நம்முடைய திருநெல்வேலிச் சீமையில் இருக்கிறது. ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் 1810-ஆம் ஆண்டில் அங்கே பிறந்தவர். ரேனியஸ் ஐயரிடம் கல்வி பயின்றார். பின்பு அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்னும் தேவ ஊழியரோடு பழகி, அயல்நாட்டுச் சங்கங்களின் சம்பளத்தைச் சாராமல் ஊழியஞ்செய்யத் தீர்மானித்தார். 1840-ல் வத்திராயிருப்புக்கு அருகே கிறிஸ்டியான்பேட்டை என்னும் கிராமத்தை ஏற்படுத்தினார். 1860-ஆம் ஆண்டில் அவருடைய ஊழிய எல்லைகளில் பெரிய எழுப்புதல் உண்டாயிற்று. ஜனங்கள் பாவ உணர்வடைந்து கதறினார்கள். அந்நிய பாஷைகளும் தீர்க்கதரிசன வரங்களும் தரிசனங்களும் காணப்பட்டன. அமெரிக்காவின் அசூசா தெருவில் 1906-ல் பற்றிய அக்கினியைக் குறித்து நாம் அடிக்கடி பேசுகிறோம். அதற்கு 46 ஆண்டுகளுக்கு முன்பே நம்முடைய தமிழ் மண்ணில், ஒரு தமிழ் ஊழியரின் கையின்கீழ் இப்படிப்பட்ட காரியம் நடந்தது என்பதை நம்மில் அநேகர் அறிந்திருக்கவில்லை. அருளப்பன் 1867-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

அந்த எழுப்புதலின் அனல் மலைகளைத் தாண்டிற்று. 1873-ஆம் ஆண்டளவில் திருவிதாங்கூரிலே, சுரியானி கிறிஸ்தவர்கள் நடுவிலும் சர்ச் மிஷனெரி சங்கத்துச் சபைகளிலும் எழுப்புதல் பற்றியெரிந்தது. அதில் முன்நின்றவர்களுள் ஒருவர் யுஸ்துஸ் யோசேப்பு. மலையாளிகள் அவரை "வித்வான்குட்டி" என்று அழைத்தார்கள். 1835-ல் பாலக்காட்டுப் பகுதியிலே ஒரு தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். இராமய்யன் என்பது இயற்பெயர். கல்வியிலும் சங்கீதத்திலும் தேர்ந்தவர். 1861-ல் மாவேலிக்கரையில் ஜோசப் பீட் ஐயரின் கையால் குடும்பத்தாரோடுகூட ஞானஸ்நானம் பெற்றார். அந்த நாட்களில் ஒரு பிராமணக் குடும்பம் இயேசுவை ஏற்றுக்கொண்டால் அதற்கு என்ன விலை செலுத்தவேண்டியிருந்தது என்பதை எண்ணிப்பாருங்கள். பின்பு சர்ச் மிஷனெரி சங்கத்திலே குருப்பட்டமும் பெற்றார். அவர் மலையாளத்தில் இயற்றிய கீர்த்தனைகளைக் கேரளத்துச் சபைகள் இன்றுவரைக்கும் பாடிவருகின்றன.

இப்படிப்பட்ட மனுஷன்தான் வழி விலகினார். நம்முடைய நினைவில் கள்ளத் தீர்க்கதரிசி என்றால் வந்தவுடனே காணிக்கைப் பையை நீட்டுகிறவன், வேதம் அறியாதவன், பரிசுத்தமற்றவன். அப்படிப்பட்டவனை அடையாளம் கண்டுகொள்ளச் சிறு பிள்ளைக்கும் தெரியும். வித்வான்குட்டியைப் போன்ற ஒருவர் தவறும்போது என்ன செய்வது?

எங்கே வழி விலகிற்று?

எழுப்புதல் நடந்துகொண்டிருந்த நாட்களில், 1875-ல், அவர்கள் நடுவில் ஒருவர் தீர்க்கதரிசனமாக ஒரு காரியத்தைச் சொன்னார். இன்னும் ஆறு வருஷத்தில் கர்த்தர் வருவார் என்பதே அது. அந்த ஒரு வாக்கியத்தை அந்தக் கூட்டம் ஏற்றுக்கொண்டது. வித்வான்குட்டியும் ஏற்றுக்கொண்டார். வெளியிலிருந்தவர்கள் அவர்களை ஆறு வருஷக்காரர் என்றே அழைக்கத் தொடங்கினார்கள். சர்ச் மிஷனெரி சங்கத்தோடு உறவு முறிந்தது. தனிச் சபையானார்கள்.

அந்த வாக்கியம் வந்த நேரத்தைக் கவனியுங்கள். சபை குளிர்ந்திருந்த நேரத்தில் அது வரவில்லை; கொழுந்துவிட்டு எரிந்த நேரத்தில் வந்தது. ஒரு வருஷம், இரண்டு வருஷம் தேவனுடைய மெய்யான கிரியையைக் கண்ட ஜனம், அடுத்து வந்த சத்தத்தையும் அதே கிரியை என்று எண்ணிக்கொண்டது. நேற்று என் பாவத்தை உணர்த்தின ஆவியானவர்தான் இன்று இந்தத் தேதியையும் சொல்லுகிறார் என்று அவர்கள் நினைத்திருக்கக்கூடும். அபிஷேகம் இருக்கும் இடத்தில் சோதித்தறிய அவசியமில்லை என்ற எண்ணம் நம்முடைய பெந்தெகொஸ்தே சபைகளிலும் உண்டு. பவுல் அப்படிப் போதிக்கவில்லை. கொரிந்து சபையிலே தீர்க்கதரிசிகள் பேசும்போது மற்றவர்கள் உட்கார்ந்து அதை நிதானிக்கும்படி கட்டளையிட்டார் (1 கொரி. 14:29). தெசலோனிக்கேயருக்கு எழுதும்போதோ, ஆவியானவரின் கிரியையை அவித்துப்போடாதிருக்கவும், தீர்க்கதரிசனத்தை அசட்டைபண்ணாதிருக்கவும், அதே மூச்சில் எல்லாவற்றையும் ஆராய்ந்து நல்லதை மாத்திரம் வைத்துக்கொள்ளவும் புத்திசொன்னார் (1 தெச. 5:19-21). ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிட நமக்கு அனுமதியில்லை.

தீர்க்கதரிசனத்தைச் சோதிக்க மோசேயின் நியாயப்பிரமாணம் இரண்டு வழிகளைக் காட்டுகிறது. சொன்ன காரியம் நடவாமற்போனால் அது கர்த்தருடைய வார்த்தையல்ல (உபா. 18:22). இதை யாவரும் அறிவர். மற்றொன்றை அநேகர் மறந்துவிடுகிறார்கள். சொன்ன அடையாளம் அப்படியே நடந்தாலும், அது உங்களைக் கர்த்தரை விட்டு விலக்கினால் அவனுக்குச் செவிகொடாதிருங்கள் என்கிறது 13-ஆம் அதிகாரம் (உபா. 13:1-3). ஆகவே மேடையில் நின்று உங்கள் பெயரையும் தெருவையும் கைபேசி எண்ணையும் ஒருவர் சொல்லிவிட்டார் என்பதனால் அவருடைய உபதேசம் சத்தியமாகிவிடாது. முன்பதிவுப் படிவத்திலே அவற்றை எழுதிக்கொடுத்தவரும் நீங்கள்தானே!

திருவிதாங்கூர் விசுவாசிகளிடம் மூன்றாவதொரு அளவுகோலும் இருந்தது. பிதா தம்முடைய அதிகாரத்தில் வைத்துக்கொண்ட காலங்களை அறிவது சீஷர்களுக்குரியதல்ல என்று உயிர்த்தெழுந்த கர்த்தரே சொல்லிப்போனார் (அப். 1:7). அந்த நாளையும் நாழிகையையும் தூதரும் அறியார் என்பது மத்தேயு 24:36. தீர்க்கதரிசனம் நிறைவேறுகிறதா என்று பார்க்க ஆறு வருஷம் செல்லும். அதை இந்த இரண்டு வசனங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆறு நிமிஷம் போதும். அந்த ஆறு நிமிஷத்தை அந்தக் கூட்டத்தில் ஒருவராகிலும் எடுத்துக்கொண்டிருந்தால்!

அக்டோபர் 2 கடந்தபின் நடந்தது இன்னும் துக்கமானது. பலர் வெட்கத்தோடு தங்கள் பழைய சபைகளுக்குத் திரும்பினார்கள். மீந்தவர்கள் தவறை ஒத்துக்கொள்வதற்குப் பதிலாக விளக்கம் தேடினார்கள். அந்த நாளிலே புதிய யுகம் ஒன்று தொடங்கிவிட்டது என்றார்கள். "யுயோமயம்" என்ற பெயரோடு அது ஒரு தனி மார்க்கமாயிற்று. முதல் தவறு ஒரு தேதி. அந்தத் தேதியைக் காப்பாற்றுவதற்காகச் செய்த இரண்டாம் தவறு சுவிசேஷத்தையே மாற்றிற்று. வித்வான்குட்டி 1887-ல் மரித்தார்.

அதே வழியில் மற்றவர்கள்

இது மலையாள நாட்டின் பைத்தியக்காரத்தனம் என்று ஒருவரும் நினைக்கவேண்டாம். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்பவரின் கணக்கை நம்பி ஆயிரக்கணக்கானோர் 1844 அக்டோபர் 22 அன்று காத்திருந்து ஏமாந்தார்கள். தென்கொரியாவில் "தாமி மிஷன்" என்ற சபையார் 1992 அக்டோபர் 28-ல் எடுத்துக்கொள்ளப்படுவோம் என்று நம்பி வேலையை விட்டார்கள், சொத்தை விற்றார்கள். அவர்களுடைய தலைவர் லீ ஜாங் ரிம் மோசடிக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார். விசுவாசிகளின் பணத்தை அவர் கடன் பத்திரங்களில் போட்டிருந்தார். அந்தப் பத்திரங்கள் முதிர்வடையும் நாளோ, அவரே குறித்த வருகையின் நாளுக்கும் பிந்தினது. கென்யாவின் ஷகஹோலா காட்டில் 2023-ஆம் ஆண்டு 400-க்கும் அதிகமான உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டன. பட்டினி கிடந்து மரித்தால் இயேசுவைச் சந்திக்கலாம் என்று ஜனங்களுக்குப் போதித்ததாகப் பால் மெக்கன்சி என்ற பிரசங்கியார்மேல் குற்றஞ்சாட்டப்பட்டது. அந்த உடல்களில் சிறு பிள்ளைகளின் உடல்களும் இருந்தன.

நம்முடைய ஜனத்துக்குள்ளேயும் பாருங்கள். 1960-களில் சுகமளிக்கும் கூட்டங்களால் தமிழ்நாடெங்கும் அறியப்பட்டிருந்தவர் பாலாசீர் லாறி. அமெரிக்கப் பிரசங்கியாராகிய வில்லியம் பிரான்ஹாமின் போதனையில் ஈர்க்கப்பட்டார். நாளடைவில் அவரைப் பின்பற்றியவர்கள் திரும்பி வந்த மனுஷகுமாரன் அவரே என்று அறிக்கையிட்டார்கள். பிற்காலத்தில் கல்கி அவதாரமாகிய லஹரி கிருஷ்ணா என்னும் பெயரால் அவர் போற்றப்பட்டார். திருநெல்வேலி மாவட்டத்து ஓடைமறிச்சானில் அவருடைய மனுஜோதி ஆசிரமம் இருக்கிறது. 1989-ல் அவர் மரித்தார். சுகமளிக்கும் ஊழியத்திலிருந்து அந்த அறிக்கைவரைக்கும் உள்ள தூரம் ஒரே நாளில் கடக்கப்படவில்லை. ஒவ்வொரு படியிலும் "இதுவரை நம்பினோமே, இதையும் நம்புவோம்" என்று சொன்ன ஜனம் கூடவே நடந்தது.

கூடாரத் தொழிலாளரும் கல்விமானும்

பிரியமானவர்களே, இனி ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்னும் தம்பதிகளிடம் வாருங்கள். நம்மைப் போலவே பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் அவர்கள். ஆக்கில்லா பொந்து தேசத்தில் பிறந்தவர். ரோமாபுரியில் குடியிருந்தார். யூதர்கள் யாவரும் வெளியேறவேண்டுமென்று கிலவுதியு இராயன் கட்டளையிட்டதனால் அங்கிருந்து கொரிந்துவுக்கு வந்தார்; அதன்பின் எபேசுவுக்குப் போனார் (அப். 18:2, 18-19). தொழில் கூடாரம் பண்ணுதல். மூன்று பட்டணத்து வாடகை வீட்டையும் பார்த்தவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் எபேசுவில் இருக்கும்போது அப்பொல்லோ வருகிறார். அலெக்சந்திரியாவிலே பிறந்தவர், சொல்வன்மை மிக்கவர், வேதாகமங்களிலே தேறினவர், ஆவியில் அனலுள்ளவர். ஜெப ஆலயத்தில் அவருடைய பிரசங்கத்தைக் கேட்டவர்கள் வாயடைத்துப்போயிருப்பார்கள்.

கூடாரம் தைக்கிற இந்த இருவரும் அந்தப் பிரசங்கத்திலே ஒரு குறையைக் கண்டார்கள். யோவானின் ஸ்நானத்துக்கு அப்பால் அப்பொல்லோ போகவில்லை. அவர்கள் ஜெப ஆலயத்தில் எழுந்து நின்று அவரை மடக்கவில்லை, தெருவில் போய்த் தூற்றவுமில்லை. தனியே அழைத்துக்கொண்டுபோய், தேவனுடைய வழியை இன்னும் திருத்தமாய் விளக்கிச் சொன்னார்கள் (அப். 18:26). அந்தக் கல்விமான் கைத்தொழிலாளரிடம் உட்கார்ந்து கேட்டார். வித்வான்குட்டிக்குக் கல்வி இருந்தது, அனல் இருந்தது. இப்படி ஓர் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் பக்கத்தில் இல்லை, அல்லது அவர்கள் சொன்னது கேட்கப்படவில்லை. பிரசங்கியார் வளர்ந்திருந்தால் மாத்திரம் சபை காக்கப்படாது. கேட்கிறவர்கள் வளர்ந்திருக்கும்போது பிரசங்கியாரும் காக்கப்படுகிறார். விசுவாசத்தில் வளருவது என் சொந்த ஆசீர்வாதத்துக்காக மாத்திரம் என்று எண்ணுகிறவர்கள் இதைச் சிந்திக்கவேண்டும்.

இந்த ஆக்கில்லாக்கள் மைசூருவில் இல்லையா? இருக்கிறார்கள். 1924 முதல் நடந்துவரும் ரெயில்வே பணிமனைக்கு வேலைக்கு வந்த குடும்பங்களின் மூன்றாம் தலைமுறை இங்கே இருக்கிறது. 2001-ல் கோலார் தங்கவயல் சுரங்கம் மூடப்பட்டபின் திசைக்கொருவராய்ப் போனவர்களில் இவ்விடம் வந்தவர்கள் உண்டு. ஹெப்பால், மேட்டகள்ளி தொழிற்பேட்டைகளில் இரவுப் பணி முடித்துவிட்டு, கண் எரிச்சலோடு ஞாயிறு ஆராதனைக்கு வந்து உட்காரும் வாலிபர்கள் உண்டு. கிறிஸ்துமசுக்குத் தூத்துக்குடி எக்ஸ்பிரசில் இடம் கிடைக்குமா என்று செப்டம்பரிலேயே கவலைப்படுகிறவர்கள் உண்டு. இவர்களிடம் வாஞ்சை குறைவில்லை. குறைவுபட்டது வேறொன்று.

ஊரிலே இருந்தபோது போதகரை மட்டுமல்ல, போதகரின் தகப்பனாரையும் ஊரார் அறிவார்கள். அவர் கடன் வாங்கினால் தெரியும். மனைவியோடு எப்படிப் பேசுகிறார் என்பது அடுத்த வீட்டுக்குக் கேட்கும். ஆகவே பிரசங்கத்தோடு ஜீவியத்தையும் சேர்த்தே நிறுத்துப் பார்த்தார்கள். பட்டணத்தில் குரல் வருகிறது, ஜீவியம் வருவதில்லை. காதிலே மாட்டிய கருவியின் வழியாகத் தினமும் இரண்டு மணி நேரம் உங்களோடு பேசுகிற அந்த ஊழியர் எந்த ஊரில் குடியிருக்கிறார், எந்தச் சபைக்குக் கணக்கு ஒப்புவிக்கிறார், அவரைக் கடிந்துகொள்ள யாருக்கு அதிகாரம் உண்டு என்பவற்றில் ஏதாவது உங்களுக்குத் தெரியுமா?

ஆதிச்சபையார் இந்தக் காரியத்தில் மிகவும் நடைமுறை அறிவுள்ளவர்களாயிருந்தார்கள். "டிடாக்கே" என்னும் பூர்வ சபை ஒழுங்கு நூலொன்று உண்டு. வெகுகாலம் மறைந்திருந்த அதன் கையெழுத்துப் பிரதியைப் பிரையன்னியோஸ் என்பவர் 1873-ல் கான்ஸ்தாந்திநோப்பிளில் கண்டெடுத்து, 1883-ல் வெளியிட்டார். திருவிதாங்கூர் எழுப்புதல் எழும்பிய அதே ஆண்டில் அது அகப்பட்டது. அவர்கள் ஏமாந்து இரண்டு ஆண்டுகள் கழித்து அச்சாயிற்று. ஊர் ஊராய் வருகிற தீர்க்கதரிசியை எப்படி நிதானிப்பது என்று அந்நூல் போதிக்கிறது. ஒரு நாள் தங்கலாம், தேவையானால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் தங்கினால் அவன் கள்ளன். புறப்படும்போது வழிக்கு அப்பம் வாங்கிக்கொள்ளலாம். பணம் கேட்டால் அவன் கள்ளன். இந்த அளவுகோலை நம் நாட்களில் அப்படியே வைத்தால் எத்தனை பேர் தேறுவார்களோ, நான் சொல்லத் துணியேன். ஆனால் அதன் சாரம் நமக்குத் தெளிவு. தீர்க்கதரிசி நம் வீட்டில் தங்கி, நம் பந்தியில் சாப்பிட்டு, நம் கண்ணுக்கு முன்பாக நடந்துகொள்ளுகிறவனாயிருந்தால்தான் அவனைச் சோதிக்க முடியும். கைபேசிக்குள் இருக்கிறவரை எப்படிச் சோதிப்பீர்கள்? ஆகவே வெளியூர் ஊழியரின் செய்தியைக் கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உங்களை அறிந்த, நீங்களும் அறிந்த ஒரு சபையின் மேய்ப்புக்கு அதை மாற்றாக வைக்காதிருங்கள்.

பிள்ளைகளின் கையில் எந்த வேதாகமம்?

இன்னொரு காரியத்தைப் பாரத்தோடு எழுதுகிறேன். இந்தியப் பாஷைகளிலே புதிய ஏற்பாடு முதலாவது அச்சானது தமிழில்தான். சீகன்பால்கு ஐயர் 1715-ல் தரங்கம்பாடியில் அதை வெளியிட்டார். அந்தப் பெருமையை நாம் பேசுகிறோம். ஆனால் மைசூருவிலே பிறந்து வளரும் நம்முடைய பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கத் தெரிந்தவை ஆங்கிலமும் கன்னடமும். ஆராதனையில் தமிழ்ப் பாடலைக் கைதட்டிப் பாடுகிறார்கள், பிரசங்கமும் புரிகிறது, வேதாகமத்தைத் திறந்தால் எழுத்து தெரியாது. பெற்றோரோ சபையில் எல்லாரும் தமிழ் என்பதால் தமிழ் வேதாகமத்தையே பரிசாக வாங்கிக் கொடுக்கிறார்கள். அது அலமாரியில் துணி சுற்றி இருக்கிறது. இப்படிப்பட்ட பிள்ளை வசனத்தைக் காதினால் மாத்திரம் அறியும். கேட்டதை ஒப்பிட்டுப் பார்க்க அதன் கையில் ஒன்றுமில்லை. பெரோயா பட்டணத்தார் பவுலின் பிரசங்கத்தையே தினந்தோறும் வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்ததற்காகப் பாராட்டப்பட்டார்கள் (அப். 17:11). வாசிக்கத் தெரியாத பாஷையில் ஆராய்வது எப்படி?

கூடுமானால் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொடுங்கள். கோடை விடுமுறை ஒன்று போதும். கூடாவிட்டால் வெட்கப்படாமல் கன்னட வேதாகமத்தையோ ஆங்கில வேதாகமத்தையோ வாங்கிக்கொடுங்கள். பல்லாரியிலே ஜான் ஹேண்ட்ஸ் ஐயர் பாடுபட்டு மொழிபெயர்த்த கன்னட வேதாகமம் 1831-ல் முழுமையாயிற்று. கர்த்தர் இந்த நாட்டாருக்கும் தம்முடைய வார்த்தையைக் கொடுத்திருக்கிறார். அதை வாசிப்பதனால் உங்கள் பிள்ளை தமிழனல்லாமல் போய்விடமாட்டான். தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன்; அவனோ பாட்டியும் தாயும் இருந்த வீட்டில் சிறு வயதிலிருந்தே வேத எழுத்துக்களை அறிந்திருந்தான் (2 தீமோ. 1:5, 3:15).

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாக்குத்தத்த அட்டையிலிருந்து ஒரு வசனத்தை எடுத்துக்கொண்டு வேலைக்கு ஓடுவது தவறல்ல. ஆனால் அதனால் மட்டும் ஒருவரும் வளர்ந்ததில்லை. கள்ள உபதேசம் எப்போதும் ஒரு வசனத்தோடுதான் வருகிறது. அதை அதன் அதிகாரத்துக்குள்ளே வைத்து வாசிக்கத் தெரியாதவன்தான் அகப்படுகிறான். கொலோசெயர் நிருபத்தில் நான்கே அதிகாரம். இரவுப் பணிக்குப் போகும் பேருந்தில் ஒரே மூச்சில் வாசித்துவிடலாம். ஒரு மாதம் தினமும் அதையே முழுவதுமாக வாசியுங்கள். கிறிஸ்து யார் என்பது உள்ளத்தில் பதிந்துவிட்டால், அவரைக் குறைத்துப் பேசுகிற குரல் எந்தக் காணொளியில் வந்தாலும் காது உடனே விழித்துக்கொள்ளும். அடுத்த மாதம் கலாத்தியர், அதன்பின் யோவானின் முதலாம் நிருபம். பாலுண்கிற நிலையிலிருந்து பலமான ஆகாரத்துக்குப் போகிறவர்கள், பழக்கத்தினாலே நன்மை தீமையைப் பகுத்தறியப் பயின்ற புலன்களை உடையவர்கள் என்று எபிரெயர் 5:14 சொல்லுவது இதைத்தான். பழக்கம் என்கிறது. ஒரே இரவில் கிடைக்கும் வரம் என்று சொல்லவில்லை.

சோதிக்கிறவர்களுக்கும் சோதனை

இவ்வளவும் எழுதினபின் ஓர் எச்சரிக்கையும் அவசியம். நமக்குப் பிடிக்காததையெல்லாம் கள்ள உபதேசம் என்று முத்திரை குத்துவதும் ஒரு வியாதி. நம்முடைய பெற்றோர் அந்நிய பாஷையில் ஜெபித்தபோது அவர்களையும் அப்படியே அழைத்தார்கள் என்பதை நாம் மறந்துவிட்டோமா? நகை அணிவது, அணியாதது, கைதட்டுவது, தட்டாதது, இவை குறித்துச் சபைகளுக்குள் வேறுபாடு இருக்கலாம். போஜனத்தையும் நாட்களையும் குறித்து வேறுபட்டவர்கள் ஒருவரையொருவர் நியாயந்தீர்க்கவேண்டாம் என்று ரோமர் 14-ஆம் அதிகாரம் முழுவதும் பவுல் மன்றாடுகிறார். இயேசு கிறிஸ்து யார், அவர் சிலுவையில் செய்தது போதுமானதா, வேதம் போதுமானதா என்பவற்றிலே ஒருவன் கைவைக்கும்போதுதான் அது வேறு சுவிசேஷம் (கலா. 1:8). எபேசு சபையார் கள்ள அப்போஸ்தலரைச் சோதித்தறிந்ததைக் கர்த்தர் மெச்சிக்கொண்டார், ஆனால் அதே கடிதத்தில், ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டுவிட்டதற்காக அவர்களைக் கடிந்துகொண்டார் (வெளி. 2:2-4). வித்வான்குட்டியின் தேதியைப் புறம்பே தள்ளின கேரளத்துச் சபைகள் அவருடைய கீர்த்தனைகளைத் தள்ளவில்லை. மைசூருவில் உள்ள மலையாளச் சகோதரரின் ஆராதனைக்குப் போனால் நீங்களும் அவற்றில் ஒன்றைக் கேட்கக்கூடும்.

வழி தப்பினவர்களை என்ன செய்வது? நம்முடைய பட்டணத்தில் ஒரு சகோதரர், தொழிற்சாலையில் வேலைசெய்பவர், காணொளியில் வந்த ஒரு தீர்க்கதரிசியை நம்பி, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று சேர்த்த பணத்தை விதைக் காணிக்கையாக அனுப்பிவிட்டார். குறித்த நாளில் அற்புதம் நடக்கவில்லை. உமக்கு விசுவாசம் போதவில்லை என்று பதில் வந்தது. ஆறு மாதம் அவர் சபைக்கு வரவில்லை. பணம் போன துக்கத்தைப் பார்க்கிலும், நம்மைப் பார்த்து ஜனங்கள் என்ன சொல்லுவார்களோ என்ற வெட்கமே அவரை வீட்டிலே கட்டிப்போட்டது. கடைசியில் அவரை அழைத்துவந்தவர், அவரோடு ஒரே பணிமுறையில் வேலைசெய்யும் ஒரு சகோதரர். அவர் வேதபாடம் எதுவும் எடுக்கவில்லை. தினமும் சாப்பாட்டு இடைவேளையில் பக்கத்தில் உட்கார்ந்து யோவானின் முதலாம் நிருபத்திலிருந்து சில வசனங்களை வாசித்திருக்கிறார், அவ்வளவே.

சந்தேகப்படுகிறவர்களுக்கு இரக்கங்காட்டும்படியும், சிலரை அக்கினியிலிருந்து இழுத்தெடுப்பதுபோல இரட்சிக்கும்படியும் யூதா எழுதுகிறார் (யூதா 22, 23). ஆகவே உங்கள் சபைக்கு இப்படி ஒருவர் திரும்பி வந்தால், முதல் வாரமே அவரை மேடையேற்றிச் சாட்சி சொல்லச் சொல்லாதிருங்கள். எவ்வளவு பணம் போயிற்று என்று வாசலில் வைத்து விசாரிக்காதிருங்கள். அவர் முன்பு உட்காரும் இடத்திலேயே உட்காரட்டும். மகளின் கட்டணம் என்னவாயிற்று என்பதை மூப்பர்கள் மாத்திரம், அமைதியாக, கேட்டறியட்டும்.